வீட்டுக்குச் சாயம் அடிக்கக் கொட்டேஷன் வந்திருக்கிறதா? முதலில் லிட்டர் கணக்கைப் பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என் வாட்ஸ்அப்புக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். அத்தை மகள், பழைய பள்ளித் தோழி, கோயிலில் பார்த்துப் பழகியவர்கள் என்று யாராவது ஒரு கொட்டேஷனைப் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, 4,500 வெள்ளி கேக்குறாங்க, நியாயமா?" என்பார்கள். என் அண்ணன் பினாங்கு ஜெலுத்தோங்கில் சாயம் அடிக்கும் குத்தகை எடுத்துச் செய்கிறார். அவருக்குக் கணக்கு எழுதுவதும் கொட்டேஷன் அடித்துக் கொடுப்பதும் நான்தான். எந்த வரியில் எவ்வளவு காசு உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்வி. எத்தனை லிட்டர் சாயம்? எத்தனை பூச்சு? சாயம் தொடுவதற்கு முன் சுவருக்கு என்ன செய்யப் போகிறார்கள்? இந்த மூன்றும் காகிதத்தில் இல்லாவிட்டால் 4,500 அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது, என் அண்ணனாலும் முடியாது.

முதலில் உங்கள் வீட்டை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அளவு நாடா ஒன்று போதும். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி, அதை 10 அடி உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவுக்கும் சன்னலுக்கும் 40 கழித்தால் 400. சீலிங் தனியாக 120. எல்லா அறைக்கும் இப்படியே போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். அளக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: வீட்டின் தரைப்பரப்பை இரண்டரையால் பெருக்கினால் உள்சுவர்களின் பரப்பு ஏறக்குறைய வந்துவிடும். 1,000 சதுர அடி வீட்டுக்குச் சுவர் 2,500, சீலிங் 1,000, ஆக 3,500 சதுர அடி. அறைகள் சின்னதாகவும் நிறையவும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒருவர் சொன்னால், அது தரையின் சதுர அடியா சுவரின் சதுர அடியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரே வீட்டுக்கு ஒருவர் தரைக் கணக்கிலும் இன்னொருவர் சுவர்க் கணக்கிலும் விலை சொல்லியிருப்பார். சுவர்க் கணக்கில் சொன்ன விலை பார்வைக்கு மலிவாகத் தெரியும், வீடு முடிந்து பில் வரும்போது மூன்று மடங்காக நிற்கும். இதில் ஏமாற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. கேட்காமல் விட்டதே சண்டைக்குப் போதும்.

இனி லிட்டர். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ச் சாயம்) டப்பாவில் ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை பிடிக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். வழவழப்பான சுவரில், துளி வீணாகாமல் அடித்தால் வரும் கணக்கு அது. ரோலர் உறிஞ்சுவது, தட்டில் ஒட்டுவது, சுவரின் சொரசொரப்பு எல்லாவற்றையும் கழித்து, நாங்கள் ஒரு லிட்டருக்கு ஒரு பூச்சுக்கு 100 சதுர அடி என்று போடுகிறோம். மனக்கணக்குக்கும் இதுவே சுலபம். மேலே சொன்ன அறையின் சுவருக்கு ஒரு பூச்சுக்கு 4 லிட்டர், இரண்டு பூச்சுக்கு 8 லிட்டர். 3,500 சதுர அடி வீட்டுக்கு இரண்டு பூச்சு என்றால் 70 லிட்டர், அதாவது 18 லிட்டர் டிரம் நான்கு. கொட்டேஷனில் "2 டிரம்" என்று இருந்தால் அந்த வீட்டில் இரண்டாவது பூச்சு நடக்கப் போவதில்லை, அல்லது மோருக்குத் தண்ணீர் விட்ட மாதிரி சாயத்தைக் கரைத்து அடிக்கப் போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது டப்பாவிலேயே இருக்கிறது. அதை மீறிக் கரைத்த சாயம் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும். ஈரத்துணியால் துடைக்கும்போது துணியோடு வரும்.

லிட்டர் தெரிந்துவிட்டால் விலையை நீங்களே கட்டிப் பார்க்கலாம். நான் போடும் முறையைச் சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் விசாரித்து அந்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். டிரம் ஒன்று 250 வெள்ளி என்றால் நான்குக்கு 1,000. சீலர் (சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), ஃபில்லர் (வெடிப்பை அடைக்கும் பசை), உப்புத்தாள், டேப், தரையில் விரிக்கும் பிளாஸ்டிக், ரோலர் எல்லாம் சேர்த்து 400. இரண்டு ஆள், ஏழு நாள், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 வெள்ளி கூலி என்றால் 2,100. இதுவரை 3,500. இதற்கு மேல் வேனுக்குப் பெட்ரோல், ஏணி, பின்னால் வந்து ஒட்டுவேலை பார்ப்பது, குத்தகை எடுத்தவரின் லாபம் எல்லாம் இருக்கிறது. 20 முதல் 25 விழுக்காடு வைத்தால் 4,200இலிருந்து 4,400 வரை வரும். என் அத்தை மகளுக்கு வந்த 4,500 இந்த வகை வீட்டுக்கு நியாயமான விலைதான்.

அதே வீட்டுக்கு 2,500 என்று ஒருவர் கொடுத்தால் என்ன அர்த்தம்? பொருளுக்கு 1,400 போனால் மிச்சம் 1,100. லாபமே வேண்டாம் என்றாலும் அந்தக் காசுக்கு இரண்டு ஆள் நான்கு நாள்கூட நிற்க முடியாது. ஏழு நாள் வேலை நான்கு நாளுக்குள் முடிகிறது என்றால் சுரண்டுவதோ தேய்ப்பதோ இரண்டாவது பூச்சோ ஏதோ ஒன்று காணாமல் போகிறது. 7,000 என்று வந்தால் அவசரப்பட்டுக் கோபப்படாதீர்கள். எல்லாச் சுவருக்கும் ஸ்கிம் கோட் (சுவரை வழவழப்பாக்கும் மெல்லிய பூச்சு) சேர்த்திருக்கிறாரா, கதவு, கிரில், கேட் சேர்ந்ததா, அலமாரி நகர்த்துவது யார், என்று கேளுங்கள். கிரில்லைத் துரு சுரண்டி, பிரைமர் அடித்து, எனாமல் இரண்டு பூச்சு அடிப்பது சுவரைவிட அதிக நேரம் தின்னும் வேலை. அதெல்லாம் இருந்தால் 7,000 நியாயமாக இருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

கம்பெனிப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நிப்போன், டூலக்ஸ், ஜோத்துன் ஒவ்வொன்றிலும் மலிவான வரிசையும் இருக்கிறது, விலை கூடிய வரிசையும் இருக்கிறது. வெளிச்சுவருக்கு என்றால் வெதர்பாண்ட், வெதர்ஷீல்ட், ஜோதாஷீல்ட் என்று டப்பாவில் இருக்கும் முழுப் பெயரும் காகிதத்தில் வர வேண்டும். முழுப் பெயர் இருந்தால் நீங்களே கடைக்குப் போன் போட்டு விலை கேட்டுவிடலாம்.

நிறமும் விலையை மாற்றும். தீபாவளிக்கு நம் ஆட்கள் நல்ல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கேட்பார்கள். எனக்கும் அந்த நிறங்கள் பிடிக்கும். ஆனால் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் அடியில் இருப்பதை எளிதில் மறைக்காது, மூன்று பூச்சு கேட்கும். அடர்நிறம் கலக்கக் கடையில் டப்பா விலையும் கூடும். கொட்டேஷன் வாங்கும்போது "வெள்ளை மாதிரி ஏதாவது" என்று சொல்லிவிட்டு, வேலை தொடங்கும் நாளில் சிவப்புக்கு மாறினால் விலை ஏறத்தான் செய்யும். நிறத்தை முதலிலேயே முடிவு பண்ணிச் சொல்லுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்கள்கூட விடுவது சுவரைத்தான்.

பிறையில் இருக்கும் என் சின்னம்மா வீட்டில் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உள்ள சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்பிப் போயிருந்தது. தொட்டால் சாயம் ஏடு ஏடாக வரும், அதன் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி உப்பு. அண்ணனுக்கு அப்போது கைநிறைய வேலை, அதனால் சின்னம்மா வேறு மூன்று பேரைக் கூப்பிட்டார். இரண்டு பேர் வந்து போனில் படம் எடுத்துக்கொண்டு, "சுரண்டிட்டு சீலர் அடிச்சிடலாம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். குளியலறை. உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, தரை ஓடும் சுவர் ஓடும் சேரும் மூலையில் கட்டைவிரலை ஓட்டினார். பூச்சு உதிர்ந்து விரலோடு வந்தது. குளிக்கிற தண்ணீர் அந்த வழியாகத்தான் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கொடுத்த கொட்டேஷன்தான் மூன்றிலும் அதிகம், 600 வெள்ளி கூட. அதில் ஓட்டு இடைவெளியைத் திரும்ப அடைப்பது, சுவர் காய விடுவது, அதற்குப் பிறகு சீலர் என்று வரிசையாக எழுதியிருந்தது. சின்னம்மா எனக்குப் போன் போட்டபோது அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். சுவருக்குள் தண்ணீர் இறங்குவது நிற்காத வரைக்கும், சிமெண்டிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பை அது கரைத்து வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். எந்த விலைச் சாயமும் அதைப் பிடித்து வைக்காது.

விலை சொல்ல வருகிறவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சுவரைத் தொடுகிறாரா? தட்டிப் பார்க்கிறாரா? கழிவறை எங்கே, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்கிறாரா? நீங்களும் அவர் வருவதற்கு முன்பே சில சோதனைகள் செய்து வைக்கலாம். வெளிச்சுவரைக் கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளை மாவு ஒட்டினால் பழைய சாயம் பொடியாகிவிட்டது, கழுவிச் சீலர் அடிக்காமல் புதுச்சாயம் பிடிக்காது. உள்சுவரில் கத்தியால் சின்னதாகப் பெருக்கல் குறி கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். சாயம் டேப்போடு வந்தால் பழைய பூச்சைச் சுரண்டியே ஆக வேண்டும். ஈரம் இருக்குமோ என்று சந்தேகமான இடத்தில் ஓர் அடிச் சதுரம் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இந்த மூன்றையும் படம் எடுத்து, விலை கேட்கும்போதே காட்டுங்கள். அப்போதுதான் மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்வார்கள்.

சீலரைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவருக்கும், ஸ்கிம் கோட் போட்ட இடத்துக்கும், பொடியாகிப்போன சுவருக்கும் சீலர் கட்டாயம். புதுப்பூச்சு என்றால் 28 நாளாவது காய விட்ட பிறகுதான் அதுவும். ஆனால் பழைய சாயம் நன்றாகப் பிடித்திருக்கும், டேப் சோதனையில் ஒன்றும் வராத சுவருக்கு முழு வீட்டுக்கும் சீலர் என்று 600, 700 வெள்ளி போட்டிருந்தால் அது தேவையில்லாத செலவு. ஒட்டுப்போட்ட இடங்களுக்கு மட்டும் போதும். விலை கூடப் போடுகிறவர் எல்லாரும் நல்ல வேலைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பாசியும் பூஞ்சையும் பிடித்த சுவருக்கு அதைக் கொல்லும் மருந்தோ குளோரின் கலந்த தண்ணீரோ அடித்து, ஊறவிட்டு, கழுவுவது தனி வரியாக எழுதியிருக்க வேண்டும். மேலாகத் துடைத்துவிட்டு அடித்தால் அடுத்த மழைக்குப் பச்சை திரும்பி வரும். மயிரிழை வெடிப்பு ஃபில்லரோடு போய்விடும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி நாளுக்கு நாள் அகலமாகும் வெடிப்புக்கு எந்தச் சாயக்காரரும் விலை சொல்லக் கூடாது, அது பொறியாளர் பார்க்க வேண்டியது.

வெளிச்சுவருக்கு வருகிறேன். பினாங்கில் மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். நம் வீடுகளில் சாயம் அடிக்கத் தோன்றுவதும் அதே மாதங்களில்தான், தீபாவளி பக்கத்தில் இருப்பதால். நனைந்த சுவரில் அடிக்க முடியாது, அடித்த பூச்சு காய்வதற்குள் மழை வந்தால் கோடு கோடாக வழியும். மழையில் ஆட்கள் சும்மா உட்காரும் நாளுக்கும் கூலி உண்டு என்பதால் அனுபவமுள்ளவர்கள் அந்தச் செலவையும் விலையில் வைத்துத்தான் தருவார்கள். தீபாவளிக்குள் முடித்தே தர வேண்டும் என்று நீங்கள் அழுத்தினால், மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் ஈரச்சுவரில் ரோலர் ஏறும். நான் எல்லாரிடமும் சொல்வது, உள்பக்கம் தீபாவளிக்கு, வெளிப்பக்கம் வறண்ட மாதத்துக்கு. மாடி வீட்டின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் சாரம் கட்டும் செலவு யாருடையது என்பதும் காகிதத்தில் வர வேண்டும். ஏணியைச் சாய்த்து ஒருவரை மூன்றாம் மாடி உயரத்துக்கு ஏற்றிவிடுகிற மலிவு விலை எனக்கு வேண்டாம். அது ஓர் உயிர்.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக மூச்சு விட்டு வெளியேறும்படி கட்டியவை. அதன் மேல் இறுக்கமான அக்ரிலிக் சாயம் அடித்தால் ஈரம் உள்ளே தங்கி, சாந்தே கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும் இடம் ஏற்கெனவே விட்டுப்போன இடம். இப்படிப்பட்ட வீட்டுக்குத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டு விலை சொல்கிறவருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மரபுரிமைப் பகுதிக்குள் உங்கள் வீடு இருந்தால், வெளிப்பக்க நிறத்தை முடிவு செய்வதற்கு முன் பினாங்கு மாநகர் மன்றத்தில் விசாரித்துவிடுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வெளிச்சுவர் பொதுச் சொத்து. அதற்குச் சாயம் அடிப்பது நிர்வாகக் குழுவின் வேலை, அதற்காகவே எல்லாரும் கட்டடத்துக்கான சேமநிதி (சிங்கிங் ஃபண்ட்) கட்டுகிறோம். உங்கள் கொட்டேஷனில் வெளிச்சுவர் இருந்தால் அந்த வரியைக் கோடு போட்டு நீக்கிவிடுங்கள்.

முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு இருந்தால் போதும், மொத்தத்தில் 30 விழுக்காடு அந்த அளவுக்குத்தான் வரும். முதல் பூச்சு முடிந்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு பகல் வெளிச்சத்தில் சுவரைச் சுற்றிப் பார்த்த பிறகு. பாதிக்கு மேல் முன்பணம் கேட்பவருக்கு இதற்கு முந்தின வீட்டின் கடன் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். கம்பெனிப் பெயரில் கொட்டேஷன் கொடுத்தால் எஸ்எஸ்எம் (மலேசியக் கம்பெனிகள் ஆணையம்) பதிவு எண் அதில் இருக்கட்டும், அரசாங்க வரி என்று ஒரு தொகை போட்டிருந்தால் அதற்கான பதிவு எண்ணையும் கேளுங்கள். சாயம் வந்து இறங்கும்போது டிரம்கள் சீல் உடையாமல் இருக்கின்றனவா என்று எண்ணிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலி டிரம்களை வேலை முடியும் வரை வீட்டை விட்டுப் போகவிடாதீர்கள்.

எழுதியபடி செய்யாமல் ஒருவர் போய்விட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது லிட்டரும் பூச்சும் சாயத்தின் முழுப் பெயரும் எழுதிய அந்தக் காகிதமும், பணம் கொடுத்த ரசீதும், படங்களும்.

விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஆனால் "ஐந்நூறு குறைங்கண்ணே" என்று மொட்டையாகக் கேட்டால் அந்த ஐந்நூறு உங்களுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் குறையும். எதைக் குறைப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள். ஸ்டோர் அறையை விட்டுவிடலாம். சீலிங் சுத்தமாக இருந்தால் அதற்கு ஒரு பூச்சே போதும். சாமான்களை நடு அறைக்கு நீங்களே இழுத்துப்போட்டு மூடிவைத்தால் அரை நாள் கூலி மிச்சம். சாயத்தை நீங்களே கடையில் வாங்கிக்கொடுத்துக் கூலிக்கு மட்டும் விலை கேட்கலாம். பல பேர் ஒத்துக்கொள்வார்கள், எங்கள் அண்ணனும் ஒத்துக்கொள்வார். அவசரம் இல்லாதவர்கள் சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு கேளுங்கள். பினாங்கில் அப்போது வெயில் இருக்கும், ஆட்களும் கையில் வேலையில்லாமல் இருப்பார்கள், போன் போட்ட வாரமே வந்து சுவரைப் பார்ப்பார்கள்.